வெள்ளியங்கிரி போட்ட கோடு

நாமக்கல் பக்கத்தில் லாரி பாடி கட்டும் ஒரு பட்டறையில் வெள்ளியங்கிரி முப்பத்தொரு வருடமாகப் பெயிண்டர். இருபது அடி நீளத்துக்கு நூல் பிடிக்காமல், டேப் ஒட்டாமல் கோடு போடுவார். இந்த முனையில் மூச்சை அடக்கினால் அந்த முனையில்தான் விடுவார் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுவில் இரண்டு முறை மூச்சு விட்டார். ஆனால் கோடு இம்மி பிசகவில்லை.

அந்தக் கையை நம்பித்தான் போன வருடம் பங்குனியில், ஒரு திங்கட்கிழமை காலை, தன் மனைவி கந்தம்மாளின் மார்பில் அவர் கோடு போட்டார். அதை என்னிடம் சொல்லும்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர்களுக்கு வீடு புதுச்சத்திரத்தில். கந்தம்மாளுக்குக் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. முட்டை அட்டைகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கும்போது இடது மார்பில் ஏதோ உறுத்தியது. மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது வெள்ளியங்கிரி சட்டையை மாட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை எல்லாம் முடித்து, புற்றுநோய்தான் என்று சொன்ன டாக்டர், கந்தம்மாளுக்கு இரண்டு வழி இருப்பதாகவும் சொன்னார். மார்பு முழுவதையும் எடுத்துவிடலாம். அல்லது மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். வெளியே மருந்துக் கவுண்டர் பக்கத்தில் ஒரு மேசை. அங்கே அக்சிலியா உட்கார்ந்திருந்தார். சூரமங்கலத்துக்காரர். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே நோய்க்கு இதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர். இப்போது நோயாளிகளுக்கு வழி சொல்லும் ஆலோசகர் வேலை.

"எல்லாத்தையும் எடுத்துருங்கன்னு சொல்லிப்போடலாமுங்க," என்றார் வெள்ளியங்கிரி. "மிச்சம் வெச்சு எதுக்கு வம்பு?"

"அண்ணனுக்கு ஆபரேஷன்னா அண்ணன் சொல்லட்டும்," என்றார் அக்சிலியா. "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"என்னையவா கேக்கறீங்க?" என்று கந்தம்மாள் திரும்பிப் பார்த்தார்.

அக்சிலியா அரை மணி நேரம் பேசினார். கந்தம்மாளின் நோய் இருக்கிற நிலையில் இரண்டு வழியும் உயிருக்கு ஒரே அளவு காப்பு என்றுதான் டாக்டர் சொல்கிறார். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் கட்டியை மட்டும் எடுத்தால் பின்னால் கரண்ட் வைப்பது கட்டாயம், அதில் பாதியில் நிறுத்துகிற பேச்சே கூடாது என்றார். கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்கிறோம். கந்தம்மாள் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். காப்பீட்டு அட்டைக்கு எங்கே போவது, பஸ் சலுகைக்கு எந்தப் படிவம் என்று அக்சிலியாவே எழுதிக் கொடுத்தார். தங்குவதற்கு ஒரு அறக்கட்டளை விடுதி இருக்கிறது என்றும் சொன்னார்.

"நான் இங்க தங்கிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறதுங்க?"

"அண்ணன் காட்டுவாரு."

"அவரு மாட்டுக்கும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருவாரு."

மருந்து ஏற்றியதில் தலைமுடி மொத்தமும் போனது. அப்புறம் ஆபரேஷன். அப்புறம் கரண்ட், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து. ஆரம்பத்தில் தமிழரசு என்கிற டெக்னீஷியன், ஸ்கேன் பார்த்து, ஊதா மையில் மார்பிலும் விலாவிலும் கூட்டல் குறி மாதிரிக் கோடுகள் போட்டார். கதிர் எங்கே பட வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். "சோப்புப் போடாதீங்க அக்கா. அழிஞ்சா வந்து சொல்லுங்க," என்றார்.

பன்னிரண்டு முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாரியம்மன் நோம்பி, கோயில் திருவிழா. கந்தம்மாள் வருடம் தவறாமல் மாவிளக்கு எடுப்பவர். எடுக்கும் முன் மஞ்சள் பூசிக் குளிக்க வேண்டும். பூசினார், குளித்தார், மாவிளக்கும் எடுத்தார். திங்கள் காலை ரவிக்கை மாட்டும்போதுதான் பார்த்தார். கோடு இல்லை.

"சோப்புத்தானுங்க போடக்கூடாதுன்னாங்க. மஞ்சளைச் சொல்லவே இல்லையே."

"அழிஞ்சா சொல்லச் சொன்னாங்கல்ல. சொல்லிப்போடலாம்."

"சொன்னா மறுபடி மொதல்லருந்து வெப்பாங்க. பன்னெண்டு நாள் போனது போனதுதான். இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க. நான் வரவே மாட்டேன்."

வரவே மாட்டேன் என்றதும் வெள்ளியங்கிரி பயந்துவிட்டார். பாதியில் நிறுத்தக் கூடாது என்று அக்சிலியா சொன்னது மனசில் அப்படியே இருந்தது.

"ஏம்புள்ள, அது எங்க இருந்துதுன்னு எனக்குத் தெரியாதா? இப்படி வெளிச்சத்துல நில்லு."

பட்டறைப் பையில் ஊதா மார்க்கர் பேனா இருந்தது. ஜன்னலோரம் நிறுத்தி, கண்ணை இடுக்கி, மூன்று நிமிடத்தில் போட்டுவிட்டார். கந்தம்மாள் கண்ணாடியில் பார்த்தார்.

"அந்தத் தம்பி போட்டதை விட நல்லாருக்குதுங்க."

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டார்கள். கந்தம்மாள் உள்ளே போனார். வெள்ளியங்கிரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே, ஆபரேஷன் முடிந்த ஒரு பெண் சுவரில் விரலை ஊன்றி ஊன்றிக் கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அக்சிலியா சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. கை ஏற ஏற அவர் ரவிக்கையின் பக்கத் தையலும் மேலே ஏறியது. கையை இறக்கினார், தையலும் இறங்கியது. திரும்பவும் ஏற்றினார்.

பட்டறையில் ஒரு தடவை, பின்சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்திருந்த வண்டிக்கு அவர் கோடு போட்டார். ஜாக்கியை இறக்கியதும் கோடு கோணிக்கொண்டு நின்றது. "ஏனுங்க, என் வண்டி நொண்டறாப்ல இருக்குது" என்றார் லாரி ஓனர் செங்கோடன். வண்டி எப்படி நிற்குமோ அப்படி நிறுத்தித்தான் கோடு போட வேண்டும் என்று அன்றிலிருந்து பட்டறையில் எல்லோருக்கும் சொல்பவர் வெள்ளியங்கிரிதான்.

கந்தம்மாளை அவர் நிற்க வைத்துப் போட்டிருந்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மெஷினில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் கரண்ட் வைப்பார்கள்.

கரண்ட் ஓடும்போது கதவு மேலே எரிகிற சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. பக்கத்து அறைக்குள் ஓடினார். தமிழரசு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வெக்காதீங்க. அந்தக் கோடு நான் போட்டதுங்க."

தமிழரசுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மைக்கில், "அக்கா, கையை இறக்கிக்குங்க, வந்துட்டேன்," என்றார். பிறகு, "எதுல போட்டீங்க?"

"பட்டறைப் பேனாவுலங்க."

"இவ்வளவு நேரா இருக்கவும் எனக்குச் சந்தேகமே வரலை, பாருங்க."

டாக்டரும் வந்து அளந்து பார்த்தார். இரண்டு விரல் அளவு தள்ளி இருந்தது. சரியான இடம்தானா என்று அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்பார்களாம். அன்று படம் எடுக்கிற நாள் இல்லை. வெள்ளியங்கிரி ஓடிவந்திருக்காவிட்டால் அந்தத் தப்பான இடத்திலேயே வைத்திருப்பார்கள்.

கந்தம்மாள் சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அழவில்லை. "மொதல்லருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"யாரு அக்கா அப்படிச் சொன்னது? பன்னெண்டு பன்னெண்டுதான்," என்றார் தமிழரசு. "நாளைக்கு மறுபடி ஸ்கேன் பாத்துக் கோடு போட்டுட்டுப் பதிமூணாவது வைப்போம். ஒரு நாள் தள்ளிப் போகுது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கந்தம்மாள் அழுதார். இதற்காகவா வரவே மாட்டேன் என்று சொன்னோம் என்று நினைத்தாராம்.

அக்சிலியா டீ வாங்கிக்கொண்டு வந்தார். "தப்பு எங்க மேலயும் இருக்குண்ணா. சோப்புன்னு சொன்னோம், மஞ்சளைச் சொல்லாம விட்டுட்டோம். ஒரு போர்டு எழுதி மாட்டணும்," என்றார். மறுநாளே ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்: 'சிகிச்சைக் குறியீடுகளை அழிக்க வேண்டாம்.'

"இது யாருக்குங்க புரியும்?" என்றார் கந்தம்மாள். அன்றுதான் பதிமூன்றாவது முடிந்து வந்திருந்தார். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

வெள்ளியங்கிரி பட்டறையிலிருந்து தகரம் வெட்டி எடுத்துவந்து எழுதினார். கரண்ட் அறைக்கு வெளியே இப்போதும் அது இருக்கிறது. மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்து, லாரியில் எழுதுகிற அதே எழுத்து:

'கரண்ட் கோட்டு மேல சோப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் போடாதீங்க. அழிஞ்சா உடனே சொல்லுங்க. யாரும் திட்டமாட்டாங்க. மொதல்லருந்து வைக்கமாட்டாங்க. ஊட்டுல கோடு போடாதீங்க.'

கடைசி வரி வெள்ளியங்கிரி சொந்தமாகச் சேர்த்தது.

இருபத்தைந்தாவது நாள் முடிந்து வெளியே வந்த கந்தம்மாள் தமிழரசிடம் கேட்டார்: "இனி மஞ்சள் பூசலாங்களா தம்பி?"

"தோல் ஆறட்டும்க்கா. மூணு வாரம் கழிச்சு டாக்டரைக் காட்டிட்டுப் பூசுங்க."

கந்தம்மாள் புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? போர்டுல இடம் இருக்குதுல்ல, அதையும் எழுதிப்போடுங்க."