கேட்காமல் எடுத்த படம்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஒன்பதாம் வகுப்பின் விவாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். புத்தகம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. சினிமாவிலோ போனிலோ செய்தியிலோ பார்த்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது நியாயமா என்று பேச வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் நான் கொண்டுபோனது, ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் அச்சடித்திருந்த விளம்பரத் தாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். புடவைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கீழே ‘மலையின் மாறாத புன்னகை’ என்று எழுதியிருந்தது. இதே படம் ஏரிக்குப் போகும் வழியில் பெரிய போர்டாகவும் நின்றது.

“ஒருத்தரைக் கேட்காமல் படம் எடுத்து விளம்பரத்துக்கு வைக்கலாமா?” என்று ஆரம்பித்தேன்.

“நல்லாத்தானே இருக்குதுங்க டீச்சர்” என்றான் ஒருவன். “கேட்டுட்டு எடுத்தா இப்படிச் சிரிப்பு வராதுங்க” என்றாள் ஒருத்தி. நல்ல வாதம் என்று அதைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். நாகலூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

“அது எங்கம்மாங்க டீச்சர்.”

எழுதுவதை நிறுத்தித் திரும்பினேன். அவளே தொடர்ந்தாள்.

“படம் எடுத்தப்ப எங்கப்பா செத்து ரெண்டு மாசங்கூட ஆகலீங்க. அது அவரு சட்டை. போர்டைப் பாத்துட்டுச் சொந்தக்காரங்க என்னென்னமோ பேசுனாங்க. நீங்களும் கேக்காமத்தானுங்க கொண்டாந்து காட்டுறீங்க.”

‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். படம் எடுத்தவனும் இதையேதான் சொல்வான் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். தாளை மடித்து அவள் கையில் கொடுத்து, எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் நடந்ததைச் சொல்லும்போது பாதியில் சிரித்துவிட்டார்.

“காப்பிப் பழம் பறிக்கையில ஒரு தம்பி கேமராவோட வந்துச்சுங்க. தன் சட்டைக்குள்ள முசுறு எறும்பு பூந்ததுகூடத் தெரியாம படம் புடிச்சிட்டு நின்னுச்சு. கடிச்சதும் குதிச்சுது பாருங்க, அத்தனை பேரும் சிரிச்சுட்டோம். எங்க வூட்டுக்காரரு போனதுக்கப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தானுங்க. அதையும் படம் புடிச்சுக் கொண்டுபோய் ரோட்டுல கட்டி வச்சிருக்காங்க.”

“இப்ப என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?”

“எறக்கணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

மறுநாள் சாயங்காலம் நானும் அவரும் லாட்ஜுக்குப் போனோம். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

“ஊரே பாக்குதுங்கம்மா, சந்தோசப்பட வேண்டாமுங்களா? நாங்க எஸ்டேட்டுல பர்மிஷன் வாங்கித்தானுங்க எடுத்தோம்.”

அந்த அம்மா டீயைத் தொடவில்லை. “செடி எஸ்டேட்டுதுங்க. என் மூஞ்சி எஸ்டேட்டுது இல்லீங்க” என்றார்.

பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தார் மேனேஜர். போர்டு அப்படியே நின்றது. இதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் போர்டை இறக்கச் சொல்லி லாட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார்கள். அனுப்பும் முன் அந்த மாணவி அதை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் கேட்டிருக்கிறாள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

“பிள்ளைங்களைத் தூண்டிவிடறீங்களா? நம்ம ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக் குடுக்கறவங்க அவங்க. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, இதோட முடிச்சுக்கலாம்.”

“கேக்க வேண்டியவங்ககிட்ட வகுப்புலயே மன்னிப்புக் கேட்டுட்டேனுங்க சார். லாட்ஜுக்காரங்ககிட்டக் கேக்கறதுக்கு எதுவும் இல்லீங்க.”

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ‘கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தேன், கேட்டார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பாடவேளை என்னிடமிருந்து போய், கணக்குத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டது. பயமே இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் என்னிடம் காட்டியிருந்தாலும் பிள்ளைகளின் கடிதத்தில் ஒரு வரியைக்கூட நான் மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா தன்னோடு வேலை செய்யும் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து போர்டுக்குக் கீழே நின்றார். கோஷம் எதுவும் இல்லை. சுற்றுலா வந்தவர்கள் போனைத் தூக்கினால், “ஏனுங்க, அது நானுங்க. என்னையக் கேட்டுட்டு எடுங்க” என்பார். பலர் போனை இறக்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே அவரையும் போர்டையும் சேர்த்து எடுக்கப் பார்த்தார். அந்த அம்மா நேராக நடந்துபோய் கேமராவின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். இந்தத் துணிச்சலை யாரும் அவருக்குப் பாடம் நடத்திக் கொடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அவர்கள் வந்தபோது போர்டு இல்லை. வெறும் இரும்புச் சட்டம்தான் நின்றது. ஒரு மாதத்தில் புதுப் படம் ஏறியது. அதில் எங்கிருந்தோ வந்த ஒரு மாடல் பெண், முதுகில் தேயிலைக் கூடையோடு காப்பித் தோட்டத்தில் நிற்கிறாள். இங்கே இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டுதான் பழம் பறிப்பார்கள். நாகலூர் பஸ்ஸில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

பாடவேளை இன்னும் எனக்குத் திரும்ப வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் வராந்தாவில் உட்கார்ந்து பேசுகிறோம். போன வாரம் ஒரு பையன், அந்தப் புதுப் போர்டைக் கேலி செய்து வீடியோ போடலாம் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அந்த அக்கா முதுகுல கூடையை மாட்டுனது லாட்ஜுக்காரங்க. நாம வீடியோ போட்டா எல்லாரும் அக்காவைப் பாத்துத்தானே சிரிப்பாங்க?”

அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் முகத்தை விட்டுவிட்டுக் கூடையை மட்டும் வீடியோ எடுப்பது என்று முடிவானது.