சாணுக்கு ஒரு விதை

மலேசியாவில், ஈப்போ பக்கத்தில் பருத்தி விளைந்தது என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். விளையவில்லைதான். முளைத்தது, அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில், பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், பழைய ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். கன்று வளர்ந்து பால் கொடுக்க ஆறு வருடம் ஆகும். அதுவரை இடையில் உள்ள மண் சும்மா கிடப்பானேன் என்று மற்ற தோட்டங்களில் நிலக்கடலை போட்டார்கள், சோளம் போட்டார்கள். எங்கள் தோட்ட மேனேஜர் துரைக்கு மட்டும் பருத்தி போட்டுப் பார்க்க ஆசை.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே ஆபீசிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"பிள்ளை, செக்ரோலில பேர் இருக்கிற ஆளுக்குத்தான் வீடு. அப்பாட பேரை எடுத்தாச்சு."

செக்ரோல் என்பது நிரந்தரத் தொழிலாளிகளின் பெயர்ப் பதிவு. அதில் எங்கள் வீட்டில் வேறு யாருமில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா, வெயிலில் நிற்க முடியாது. தங்கைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். எனக்குப் பத்தொன்பது வயது, அன்றாடக் கூலி. இருபத்தைந்து வருடம் ரப்பர் மரம் சீவியவரின் பெயரை எடுக்க ஒரு நாள் போதுமாக இருந்தது.

"பருத்திக்கு ஆறு பொம்பிளையள் வேணும். நீயும் நில். அறுவடை முடியுமட்டும் ஒழுங்கா நிண்டாயெண்டால் உன்ர பேரைப் பதியச் சொல்லித் துரையிட்டக் கேக்கிறன்" என்றார் கிராணி. அன்றிலிருந்து எனக்குப் பருத்தி என்றால் வீடு, வீடு என்றால் பருத்தி.

விதை போட்ட நாளில் வேலை வாங்கும் மண்டோர் வந்து நின்று, "சாலுல நூலு மாதிரி விடாம கொட்டிக்கிட்டே போங்க. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, தொரை சொன்னாரு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் கடலை போடும்போது குச்சியால் குழி குத்தி, சாணுக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை என்றுதான் போடுவோம். விதையை இப்படி வாரிக் கொட்டுவது விவசாயமா, கூத்தா? அதிகப்பிரசங்கித்தனம் எனக்குக் கூடவே பிறந்தது. மற்ற ஐந்து பேரிடமும் சொன்னேன். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள், ஆனாலும் கேட்டார்கள். அவர்களுக்கும் கொட்டுவது பிடிக்கவில்லை.

சாணுக்கு ஒரு குழி. முளைத்ததும் ஒவ்வொரு குழியிலும் நோஞ்சானைக் கிள்ளிவிட்டு நல்லதை மட்டும் வைத்தோம். பாதி மூட்டை விதை மிஞ்சியது. அதை உரக் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அறுவடை அன்றைக்குத் துரை முன்னால் கொண்டுபோய் வைத்து, பாருங்கள், இவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். அவர் வாய் பிளப்பார், அங்கேயே என் பெயரைப் பதிந்துவிடுவார். இப்படியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். துரை ரோட்டில் வண்டியை நிறுத்தி, பச்சைக் கோடாக ஓடும் வரிசைகளைத் தூரத்திலிருந்து பார்ப்பார், திருப்தியாகப் போவார். ஒரு நாளும் இறங்கிக் கிட்டே வந்ததில்லை.

செடி ஒரு சாண் உயரம் வந்தபோது, ஒரு வியாழக்கிழமை, டிராக்டருக்குப் பின்னால் ஒரு மெஷினைக் கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டு சக்கரம், நடுவில் மண்வெட்டித் தகடு மாதிரி கத்திகள் வட்டமாகப் பூட்டியிருந்தது. டிராக்டர் ஓட்டுகிற அண்ணன் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது அவர்தான்.

"இது என்னாண்ணே?" என்று கேட்டேன்.

"பருத்தி கலைக்கிற மெஷினு. நெருக்கமா மொளைச்சிருக்கில்ல, எட்டு இஞ்சி வெட்டித் தள்ளும், ரெண்டு இஞ்சி விட்டுரும். மறுபடி எட்டு வெட்டும், ரெண்டு விடும். வேகமா போனாலும் மெதுவா போனாலும் ஒரே கணக்குதான். சக்கரம் சுத்துனா கத்தி சுத்தும். நல்ல செடி, கெட்ட செடி எல்லாம் அதுக்குத் தெரியாது."

நெருக்கமாக முளைத்தால்தானே கலைப்பதற்கு? எங்கள் வரிசையில் சாணுக்கு ஒன்றுதான் நின்றது. எட்டு அங்குலத்தில் நிற்பதே ஒரு செடி. அதை வெட்டிவிட்டு வெறும் மண்ணைத்தான் இது விட்டுவைக்கப் போகிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. வேறு தோட்டங்களிலிருந்து மூன்று துரைமார்கள் வந்திருந்தார்கள், குடை பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு. எங்கள் துரை புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி நின்றார். நான் வாயைத் திறந்தேன். பெயர் பதியாமல் போய்விடுமே என்று மூடிக்கொண்டேன். துரை கையை அசைத்தார், டிராக்டர் நகர்ந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. சரக், சரக் என்று ஒரே சீராகக் கேட்டது. நான்கு வரிசை முடிந்து வண்டி திரும்பி நின்றபோது, அங்கே பருத்தி இல்லை. இங்கே ஒரு செடி, அதற்கப்புறம் நாலடி தள்ளி ஒரு செடி. மற்றதெல்லாம் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது, வேரோடு, இலை வாடாமல். நானே நின்று பொறுக்கி வைத்த நல்ல செடிகள். வந்திருந்த துரைமார்களில் ஒருவர் சிரித்தார். எங்கள் துரையின் காது சிவந்தது.

"என்னா பண்ணி வச்சிருக்க?" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் இறங்கி வந்தார். குனிந்து மண்ணைப் பார்த்தார். ஒரு செடி இருந்த குழியில் கட்டை விரலை வைத்து, அடுத்த குழிக்குச் சாண் போட்டார். அதற்கடுத்த குழிக்கும் போட்டார். நிமிர்ந்து எங்கள் ஆறு பேரையும் பார்த்தார். ஐந்து பேர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரையே பார்த்தேன்.

"ஸ்பீடு கூடிப் போச்சுங்க தொரை. என் தப்புதான்" என்றார்.

வேகத்துக்கும் வெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று காலையில் சொன்னதே அவர்தான். துரைக்கு அது தெரியவில்லை, அல்லது மூன்று பேர் முன்னால் யாரையாவது திட்டினால் போதும் என்றிருந்தது. மானம் போகத் திட்டினார். நான் நின்றேன். அண்ணனுக்கு விஷயம் புரியவில்லை, மெய்யாகவே வேகம்தான் காரணம் என்று நினைத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் நிற்க முடிந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒளித்து வைத்திருந்த விதையைத் தூக்கிக்கொண்டு ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைக்கு ஓடினேன். கொட்டினால் மூழ்கித் தொலையும் என்று நினைத்தேன். பருத்தி விதையில் பஞ்சு ஒட்டியிருக்கும், உடனே மூழ்காது. குட்டை முழுக்க மிதந்தது. ஒரு கொம்பை எடுத்து அடித்து அடித்து அழுத்தினேன். அழுத்த அழுத்த மேலே வந்தது. அழுதுகொண்டே அடித்தேன், யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்காகத்தான்.

அண்ணனை டிராக்டரிலிருந்து இறக்கிப் புல் வெட்டப் போட்டார்கள். பத்து நாள் வெட்டினார். அப்புறம் கமுந்திங்கில் ஏதோ தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். அவர் மனைவி ரப்பர் பால் வெட்டுகிறவர், செக்ரோலில் பெயர் உள்ளவர், அதனால் பிள்ளைகளோடு இங்கேயே இருந்தார். பருத்திக் காட்டை உழுது போட்டார்கள். என்னை நாற்று மேட்டுக்கு மாற்றினார்கள். கெட்ட பெயர் இல்லாமல் தப்பித்தோம், வீடு நிலைக்கும் என்று எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது. அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதம் கழித்துப் பெரிய கிராணி கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

"பருத்தி போனதுக்காகவா ஐயா?"

"சீச்சீ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை பிள்ளை. உது துரை முந்தியே கையெழுத்து வைச்சது. வேலை முடியட்டும், பாவம் எண்டு நான்தான் மேசைக்குள்ள வைச்சிருந்தனான்."

எனக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும். கடிதத்தின் மேலே இருந்த தேதி, அந்த வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் முந்தியது. மெஷின் வருவதற்கு முன்னாலேயே வீடு போய்விட்டிருந்தது. இல்லாத வீட்டுக்காக நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதம் என் இடுப்பில் இருந்தது. அக்கா, அன்னைக்கு விதையை அப்படிப் போட்டது நான்தான், அண்ணன் மேல் தப்பே இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்லா. அன்னைக்குச் சாயந்தரமே சொன்னாரு."

"தெரியுமா?"

"சாண் போட்டுப் பாத்தாராமே. பொம்பளப் புள்ளைங்களா கிடக்குற வீடு, சொன்னா அதுங்களத் தூக்கி ரோட்டுல போட்டுருவாங்க, எனக்கு எங்கயும் வேலை கெடைக்கும்னாரு. எனக்கு உன் மேல கோவம்தான், பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட வந்தாரு. உங்க வீட்டுல வெளக்கு எரியுறதப் பாத்துட்டு, பரவால்ல, வீடாவது நின்னுச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு."

மாதம் முடியப் பதினாறு நாள் இருந்தது. நான் இடுப்பிலிருந்த கடிதத்தை எடுக்கவில்லை. ஆமாக்கா, நின்னுச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன்.