கரையைப் பார்த்துக் கேட்ட ராஜா

என் எழுத்து வரிக்கு வரி சாய்கிறது. சில இடங்களில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. ஊர்ப் பலகையில் ஒட்டும் தாள் இது; பொறுத்துக்கொள்ளுங்கள், முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

படாளம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பேனர். காற்றில் அதன் மேல்பாதி மடங்கிக் கிடந்தது. கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி 'எட்டியப்பன்' என்று படித்து முடித்தேன். தெருவில் யாரையும் கேட்காமல் நானாகப் படித்த முதல் பெயர், என் கூட்டாளியின் பெயர். சந்தோஷத்தில் சிரித்தே விட்டேன். காற்று நின்றதும் மேல்பாதி விரிந்தது. அவன் படமும், 'கண்ணீர் அஞ்சலி'யும்.

உங்களில் பலர் அவனை ராஜா வேஷத்தில் பார்த்தவர்கள்தான். ஒவ்வொரு வைகாசியிலும் வற்றிய ஏரிக்குள் எங்கள் கோட்டை நாடகம் நடக்கும். சனம் கரைமேல் உட்காரும். அவன் ராஜா, நான் கதவுக் காவல்காரன். ராஜாவை ஒப்படைத்தால் ஊரை விட்டுவிடுவதாகப் பகைவன் சொல்லி அனுப்புவான். எட்டியப்பன் கரையைப் பார்த்துக் கேட்பான்: "ஊரே, நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" கரை பதில் சொன்னால்தான் அடுத்த காட்சி. "போவாத ராசா!" என்று கத்துவார்கள். பிறகு சண்டை.

ஒருமுறை அவன் மைத்துனன், "போய்த் தொல நைனா, தூக்கம் வர்து" என்றான்.

"நீ வூட்டுக்குப் போய்ப் படு மச்சான். கோட்டைய நான் பாத்துக்கறேன்."

கரை முழுக்கச் சிரிப்பு.

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருமுறை எங்களை அழைத்தார்கள். ஏசி அரங்கம். "மழை இல்ல, கொசு இல்ல. வருஷா வருஷம் இங்கயே வெச்சிக்கலாம்" என்றார் ஒருவர். நல்ல மனிதர்கள். எட்டியப்பன் தன் கேள்வியைக் கேட்டான். கை தட்டினார்கள். மறுபடி கேட்டான். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். இன்னொரு முறை கேட்டுக் காத்திருந்தான். பிறகு வாளைக் கீழே வைத்தான்.

"இன்னாடா பண்ற? சண்டைக்குப் போ" என்று கிசுகிசுத்தேன்.

"போன்னு சொல்ல ஆளில்ல, இருன்னு சொல்லவும் ஆளில்ல. ஊரே காணோம், கோட்டைக்கு இன்னாடா சண்ட?"

நாடகம் அதோடு முடிந்தது. திரும்பும்போது வேனில் எல்லாரும் அவனைத் திட்டினோம். அவன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் ராஜா இல்லை. கல்யாண மண்டபத்தில் நாடகத்தைச் சுருக்கமாகப் போட்டுவிடலாம் என்று எங்கள் குழுவின் இளம் பிள்ளைகள் பேசினார்கள். ஏரியில்தான் என்றேன்.

"ராஜா யாரு பெருசு, நீயா?"

"நான்தான்டா."

சிரித்தார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். "கரையில ஆள் வரலன்னா அடுத்த வருசம் மண்டபம்தான், சொல்லிட்டோம்."

எட்டியப்பனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியும், பதில் வரும்வரை வாயை மூடி நிற்கும் பொறுமையும்தான். என் முழங்காலை வைத்துக்கொண்டு சண்டை போட முடியுமா, தெரியாது. கேட்க முடியும். வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஏரியில் நின்று கேட்பேன். கரை என்ன சொன்னது என்பதை, கை ஒத்துழைத்தால், அடுத்த வாரம் எழுதுகிறேன்.