எல்ஃப்ரீடா உரிக்கும் ஆரஞ்சு

கேள்வியைக் கேட்டுவிட்டு எல்ஃப்ரீடா பென்னர் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிடுவார். எதிரே இருப்பவர் திணறட்டும், கூரையைப் பார்க்கட்டும், அவருக்கு அவசரமே இல்லை. தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வரவேண்டும் என்பதுதான் உலகத்திலேயே பெரிய கவலை என்பதுபோல் குனிந்திருப்பார்.

கனடாவில், வின்னிபெக் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்கான ஆங்கில வகுப்பு ஒவ்வொரு தடவை தொடங்கும் முன்பும், யார் எந்த வகுப்புக்கு என்று பேசிப் பார்த்துச் சொல்ல அவர்தான் வருவார். அறுபதைத் தாண்டியவர். பனிக்காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு சாப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொள்வார். தொழிற்சங்க ஆள் ஒருவர் கூட இருக்கவேண்டுமாம்; அது நான். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்க எனக்கென்ன கசக்குமா?

முதல் கேள்வியில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. "உங்க பாஷையில கொஞ்சம் பேசுங்க. எனக்குப் புரியாது, பரவாயில்ல" என்பார். வருகிறவர்கள் பிலிப்பைன்ஸின் தகாலோகிலும் பஞ்சாபியிலும் கொட்டித் தீர்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"புரியாம என்னத்தக் கேக்கறீங்க?" என்றேன் ஒருமுறை.

"சொந்த பாஷையிலயே நாலு வார்த்தைக்கு மேல பேசாத மனுஷன, இங்கிலீஷ்ல ஏன் பேசலன்னு மார்க்கக் குறைச்சா நியாயமா?"

இந்தத் தடவை ஹப்தோம் வந்தார். எரித்திரியாக்காரர்; மாவு பிசையும் பிரிவு. மேல்வகுப்பில் இடம் கிடைத்தால்தான் அடுப்புப் பிரிவில் ஷிஃப்ட் லீடராகலாம் என்று காத்திருப்பவர். அவர் வாயிலிருந்து 'சரி' தவிர வேறெதையும் எங்களில் யாரும் கேட்டதில்லை. ஃபோர்மேன் டுவெயின் கதவிலேயே நின்று தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"இவனுக்கெல்லாம் சுட்டுப்போட்டாலும் வராதும்மா. அடிவகுப்புல தள்ளிட்டு அடுத்த ஆளப் பாருங்க."

ஹப்தோம் தன் மொழியில் தொடங்கினார். முதல் சொல்லே தொண்டையில் மாட்டிக்கொண்டது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, சொல் பிய்ந்து பிய்ந்து வந்தது. எல்ஃப்ரீடா கண்ணைத் திறந்தார்.

"சின்ன வயசிலேர்ந்தே திக்குமா?"

ஹப்தோம் தலையாட்டினார்.

"அப்ப அது இங்கிலீஷோட குத்தம் இல்லையே."

கூடவே மாவு மூட்டை சுமந்த எங்களுக்குத் தெரியாதது, ஒரு சொல்கூடப் புரியாத இவருக்குத் தெரிந்துவிட்டது.

"பிசையற மெஷின் நடுவுல நின்னுட்டா என்ன செய்வீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ஆரஞ்சை எடுத்தார். சுருள் மேசையில் விழுந்த பிறகுதான் ஹப்தோம் தொடங்கினார்.

"மொதல்ல க… க… கரண்ட்ட நிறுத்துவேன். பூட்டுப் போட்டு, சாவிய என் பையில வெச்சுக்குவேன். வேற யாராவது தெ… தெரியாம ஸ்விட்சப் போட்டுட்டா, ரொட்டிக்குள்ள என் கைதானே இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். எத்தனை அழகான ஆங்கிலம்!

"மேல்வகுப்பு" என்றார் எல்ஃப்ரீடா. "வேற ஏதாவது சொல்லணுமா?"

ஹப்தோம் கதவுப் பக்கம் திரும்பினார். "ஆமா. டு… டு…"

"டுவெயின்! எம் பேருதானே, நானே சொல்லிட்ட…" என்று கதவை விட்டு மேசைக்கே வந்துவிட்டான் ஃபோர்மேன்.

எல்ஃப்ரீடா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அவன் வாயில் ஒரு சுளையைத் திணித்துவிட்டு, அடுத்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார்.