அத்தை வீட்டு ஜெபக்கூட்டம்

கடன் வசூலிக்க வந்த ஆள் முன்னால் முழங்காலிட்டு, "தலையில கைய வெச்சி ஜெபம் பண்ணுங்கய்யா" என்று கண்ணை மூடிக்கொண்ட முட்டாள் இந்தத் தர்மபுரி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவரும் பாவம், கொஞ்சம் திகைத்துவிட்டுக் கையை வைத்தார். நாலாம் வகுப்புக் கணக்கில் நான் தேறியது அந்தக் கையால்தான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சபைக்கு அப்போது சிமெண்டு ஷீட்டுக் கூரை. மழை வந்தால் பாஸ்டர் ஐயாவின் குரலைவிடக் கூரையின் குரல்தான் உரக்கக் கேட்கும். நடுவில் ஓர் இடத்தில் விடாமல் ஒழுகும். சரியாக அங்கேதான் அப்பாவின் அக்கா, என் அத்தை, பாய் விரித்து உட்காருவாள். வீட்டிலிருந்து ஒரு குண்டானைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேராக வைத்துவிட்டு, அது நிரம்பும்வரை பாடுவாள். நிரம்பினால் வெளியே ஊற்றிவிட்டு வந்து அடுத்த சரணத்தைப் பிடித்துக்கொள்வாள்.

புதுக் கூரைக்கென்று சேர்ந்தது முழுக்கப் பிடியரிசிப் பணம். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அதைப் படியில் அளந்து விற்பார்கள். கொடுத்தவர்களே காசு போட்டு வாங்கிப் போவதும் உண்டு. இந்தப் பணத்துக்கு அப்பாதான் பொருளாளர். அந்தப் பதவியிடம் அவருக்கு இருந்த பயம் அம்மாவிடம்கூட இருந்ததில்லை.

அந்த வருஷம் பாலக்கோட்டில் ஒரு பைனான்ஸ் கம்பெனி கிளை திறந்தது. கூட்டுறவு வங்கியைவிட எவ்வளவோ கூடுதலாக வட்டி தருவதாகச் சொல்லி, எங்கள் வீட்டுக்கு ஒரு காலண்டரும் கொடுத்தது. சபைப் பணத்தை அதில் போட்டால் அடுத்த மழைக்குள் கூரை போட்டுவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். கர்த்தருடைய பணம் தூங்கக் கூடாது என்பது அவர் கட்சி.

சபைக் கமிட்டியில் அவர் அதைப் பேச இருந்த வாரம் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்கள். சட்டையை இன் பண்ணிய ஒருவர் நின்றபடி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். குழுக்கடன் வாங்கியவர்கள் தவணை கட்டும்முன் ஒப்பிக்க வேண்டிய உறுதிமொழி அது. எனக்கோ அது ஜெபம். அவர் தோள்பையில் எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த அதே பெயர். பொட்டு வைத்த அக்காக்களும் கூட்டத்தில் இருந்ததைப் பார்த்து, ஊரே மனந்திரும்பிவிட்டது என்று எனக்குப் புல்லரித்தது.

ஜெபம் முடிந்தும் யாரும் எழவில்லை. "ஒருத்தரு கட்டலைன்னாலும் யாரும் எந்திரிக்கக் கூடாதுங்க," என்றார் அவர், மரியாதையாகத்தான். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். "அடுப்புல பால வெச்சிட்டு வந்தேங்க்கா," என்றாள் ஒருத்தி. அந்தப் பருவத்துத் தக்காளியை மார்க்கெட்டில் கேட்பாரில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவள் அத்தை. அந்தத் தக்காளிக்காக வாங்கியதுதான் கடன். அவள் அழுதாள். எங்கள் சபையில் அழுகை நல்ல அறிகுறி. பிறகு காதுக் கம்மலைக் கழற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தாள். அந்த அக்கா உள்ளே போய்ப் பணம் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். ஓகோ, காணிக்கை! அந்த உற்சாகத்தில்தான் நான் போய் முழங்காலிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. அப்பா பைனான்ஸ் பேச்சை எடுத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்கள் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும், "அது வேணாந் தம்பி," என்றாள்.

"காரணஞ் சொல்லுக்கா. சும்மா வேணாம்னா எப்படி?"

அத்தை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு உதவ வேண்டியது என் கடமை என்று எனக்குத் தோன்றியது. ஜன்னல் பக்கமிருந்து கத்தினேன்: "அந்தக் கம்பெனி அண்ணன் நல்லவருங்கய்யா! அத்தை வூட்டுல வாராவாரம் ஜெபம் நடத்தறாரு. முடியற வரைக்கும் யாரையும் எந்திரிக்கவே வுட மாட்டாரு. அத்தை அழுதுக்கிட்டே கம்மலக் கழட்டிக் குடுத்துச்சு!"

ஒரு 'அல்லேலூயா'வாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா அத்தையின் காதைப் பார்த்தார். ஓட்டையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. இவ்வளவு நேரம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தை எழுந்து, முந்தானையைக் காதோடு சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

"நாம போடலைன்னா மட்டும் அவங்க கடன் குடுக்கறத நிறுத்திருவாங்களா?" என்று கமிட்டியில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"மாட்டாங்க," என்றார் அப்பா. "ஆனா எங்கக்கா போட்ட அரிசி அவ வாசல்லயே வந்து உக்காந்து வட்டி கேக்கக் கூடாதுங்க."

பணம் கூட்டுறவு வங்கிக்குப் போனது. அங்கே அது நத்தை வேகத்தில் வளர்ந்தது. கூரை மாறுவதற்குள் எனக்கு மீசை வந்துவிட்டது. கம்மலை அப்பா அந்த மாசமே மீட்டுக் கொடுத்தார். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க அத்தை சபைக்கு வரவில்லை. அவளுடைய பிடியரிசி மட்டும் அம்மா கையில் தவறாமல் வந்தது. அவள் உட்காரும் இடத்தில் குண்டான் இல்லாமல் தரை குளமாகிக் கிடந்தது.

ஜெபம் எது, வசூல் எது என்பது வளர வளர எனக்குப் புரிந்தது. சபைப் பணத்தைக் காப்பாற்றிய சூரன் நான்தான் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. போன ஞாயிறு, கான்கிரீட் கூரைக்குக் கீழே, அதே நடு இடத்தில், அத்தை பிடியரிசிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. வழக்கம்போலச் சீண்டினேன்: "இப்ப தைரியமா உக்காரலாம் அத்தை. அந்த வருஷம் ஒழுகுதுன்னு பயந்துக்கிட்டுக் கோயில் பக்கமே வராம இருந்தியே!"

அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மழைக்குப் பயந்தவளாடா நானு?"