தொண்ணூற்று மூன்று பாகை: ரெனானுக்கு ஒரு திங்கட்கிழமைப் பயணம்

இந்த வலைப்பதிவில் வழக்கமாக மலை ரயில்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு வாசகர், வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களைப் பார்க்க லொசான் பக்கம் எப்படிப் போவது என்று கேட்டிருந்தார். அவரும் நண்பர்களும் ஒரு கார் எஞ்சினை வைத்து விமானம் கட்ட யோசிக்கிறார்களாம். அந்தப் பயணத்தை நான் 1987 ஜூனில் ஒரு திங்கட்கிழமை செய்தேன். அதைப் பற்றி இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. எழுதப் பிடிக்கவும் இல்லை.

அப்போது நான் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பானை கழுவினேன். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போ மெக்கானிக்காகப் பதினொரு வருடம் இருந்தவன். எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வேன் என்று என்னை அங்கே ‘டாக்குத்தர்’ என்று பகிடி பண்ணுவார்கள். இங்கே அந்தக் கைகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர்தான் கிடைத்தது. லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் இருந்த நண்பன் நேசன் ஒரு நாள் போன் எடுத்து, விமானம் கட்டும் வெள்ளைக்காரர் ஒருவருக்கு எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்றபோது, சம்பளம் உண்டா என்றுகூட நான் கேட்கவில்லை.

அவர் பெயர் மார்செல். தொழிற்பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடமாகத் தன் கொட்டகையில் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டியிருந்தார். எஞ்சின், விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து எடுத்த ரோட்டரி. அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. முக்கோண உருளைதான் சுற்றும். அந்த உருளையை உள்ளிருந்து குளிர வைப்பது ஒயில். ஆகவே ஒயில் கொதித்தால் எஞ்சின் போய்விடும். மார்செல் மீற்றரில் 110 பாகையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

பெப்ரவரியில் முதல்முறை போனபோது மீற்றர் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒயிலைக் குளிர வைக்கும் கூலரில் ஒரு வால்வு இருந்தது. சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடுவது. அது இறுகிப்போயிருந்தது. ஊரில் பஸ் சூடானால் நாங்கள் முதலில் செய்வது தெர்மோஸ்டாட் என்ற இதே மாதிரி வால்வைக் கழற்றி எறிவதுதான். வெயில் நாட்டில் அது எதற்கு என்பது எங்கள் டிப்போவின் ஞானம்.

“உந்த வால்வைக் கழட்டி விடச் சொல்லு நேசன். உதாலதான் கரைச்சல்.”

நேசன் பிரெஞ்சில் சொன்னான். மார்செல் கொஞ்சம் யோசித்தார். ஸ்பானரை என்னிடம் நீட்டினார். நான் கழற்றினேன். வெளியே சைபருக்குக் கீழே மூன்று பாகைக் குளிர். பத்து நிமிடம் தரையில் ஓடவிட்டோம். முள் எண்பதில் அசையாமல் நின்றது. மார்செல் என் தோளில் தட்டினார். லுசேர்ண் திரும்பும்வரை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூனில் போனது முதல் பறப்பைப் பார்க்க. காலை 6.04க்கு லுசேர்ணில் ஏறி, பேர்னில் மாறி, 9.10க்கு ரெனான். ஏறத்தாழ 190 கிலோமீற்றர். போய்வர 62 பிராங். நேசன் மார்செலின் வான் வண்டியோடு ஸ்டேஷனில் நின்றான். அங்கிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே இருந்த புல் ஓடுதளத்துக்கு 24 கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். நல்ல வெயில். ஏரி தெளிவாகத் தெரிந்தது. மார்செலின் மனைவி ஓடெத் சான்விச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

ஏற்பாடு இதுதான்: மார்செல் தனியாகப் பறப்பார். நிமிடத்துக்கு ஒருமுறை ஒயில் சூட்டை ரேடியோவில் சொல்வார். நேசன் தமிழில் சொல்ல, நான் கொப்பியில் எழுத வேண்டும். 110ஐத் தொட்டால் இறங்க வேண்டும்.

10.40க்கு எழும்பினார். ஓடெத் கை தட்டினார்.

“எழுபத்தாறு,” என்றான் நேசன். “எண்பத்தொண்டு. எண்பத்தேழு.”

எழுதினேன்.

“தொண்ணூற்றி மூண்டு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வால்வு ஒயிலை மறிக்க வைத்ததல்ல. ஒயில் சூடானதும் கூலரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை மூடுவதுதான் அதன் வேலை. நான் அதைக் கழற்றியதால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடந்தது. பெப்ரவரிக் குளிர் என் பிழையை மூடி மறைத்தது. ஜூன் வெயிலில் முழு வேகத்தில் ஏறும் எஞ்சினுக்குக் கூலர் வழியாகப் போன மிச்ச ஒயில் போதாது. பாதிக்கு மேல் ஒயில் குளிராமலே திரும்பிக்கொண்டிருந்தது.

மார்செல் அந்த நிமிடம் எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தார். எஞ்சின் நின்றிருந்தாலும் மிதந்து இறங்கியிருப்பார். நான் வாய் திறக்கவில்லை. டாக்குத்தர் அல்லவா? ஓடெத்தின் முன்னால் பிழை விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இன்னும் பதினேழு பாகை இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொன்னேன்.

“தொண்ணூற்றெட்டு. நூற்றி நாலு.”

விமானம் ஏரிப் பக்கம் சிறுத்துக்கொண்டே போனது.

“நூற்றி ஒன்பது.”

“இறங்கச் சொல்லு நேசன்! கெதியாச் சொல்லு!”

“என்ன மச்சான், என்ன நடந்தது?”

“சொல்லடா!”

அவன் சொன்னான். மார்செல் திரும்பினார். நூற்றுப் பதினேழு என்றார். ஒயில் மணக்கிறது என்றார். அதன் பிறகு ரேடியோ பேசவில்லை. எஞ்சின் சத்தம் நின்றதை நான்கு கிலோமீற்றர் தள்ளியும் கேட்டோம். ஓடுதளத்துக்கு வந்து சேர உயரம் போதவில்லை. திராட்சைத் தோட்டத்துக் கம்பங்களுக்குள் இறங்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. ஓடெத் தோட்டத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் விசாரிக்க வந்த அதிகாரி கூலரைத் திறந்து பார்த்து, வால்வு எங்கே என்று கேட்டார். நேசன் என்னைப் பார்த்தான்.

“நான்தான் கழட்டினன் எண்டு சொல்லு,” என்றேன்.

நேசன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அதிகாரி எழுதிக்கொண்டார். என்னைப் பிடிப்பார்கள், விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் நேசன் உண்மையைச் சொன்னான். “மார்செல் தானே கழட்டினவர் எண்டு சொன்னனான். உன்ர கேஸ் முடியேல்ல மச்சான். செத்த மனுசனை நாடு கடத்தேலாதுதானே.”

அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. எனக்காகத்தானே சொன்னான்.

அதே 6.04 ரயிலில் தனியாக ஓடெத்திடம் போனேன். ரெனானிலிருந்து ஒரு ரயில், பிறகு மஞ்சள் பஸ்ஸில் பதினெட்டு நிமிடம், தபாற்கந்தோர் வாசலில் இறங்க வேண்டும். எனக்கு வந்த ஓட்டைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: வால்வையும், தொண்ணூற்று மூன்றையும். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“இரண்டு வருசமா நான் அந்த மனுசனோட கோவமா இருந்தனான். இவ்வளவு கவனமில்லாமப் போனாரே எண்டு. அவற்ர கல்லறைக் கல்லுக்கு ஒரு பூக்கூட வைக்கேல்ல.”

அதிகாரிக்குக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். என் விண்ணப்பம் முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் கடிதம் வேண்டாம் என்று கதவைத் திறந்து, பஸ் 3.20க்கு என்றார்.

விமானம் கட்டப்போகும் வாசகருக்கு: கூலருக்குப் போகும் குழாயிலும் எஞ்சினுக்குத் திரும்பும் குழாயிலும் தனித்தனியாகச் சூட்டை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவென்றால் கூலருக்குள் போதிய ஒயில் போகவில்லை. அப்படி அளந்திருந்தால் பெப்ரவரியிலேயே எங்களுக்கு அது தெரிந்திருக்கும். வால்வு இறுகினால் புதிது போடுங்கள், கழற்றி எறியாதீர்கள். சிவப்புக் கோட்டுக்காகக் காத்திருக்காமல், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். கீழே நின்று எழுதுகிறவருக்கு ‘இறங்கு’ என்று ஓட்டுகிறவரின் பாஷையில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல வெட்கப்படாதவராகவும் இருக்க வேண்டும்.

அந்த ஊர் மயானத்துக்குப் போக நினைக்காதீர்கள். இந்த நாட்டில் இருபத்தைந்து, முப்பது வருடத்தில் கல்லை எடுத்துவிடுவார்கள். மார்செலின் கல்லும் போய்விட்டது, ஓடெத்தும் இல்லை. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் அந்த அதிகாரி எழுதிய விபத்து அறிக்கை மட்டும் இருக்கும். அந்தக் கடிதத்தை நான் பிறகும் எழுதவில்லை; வால்வைக் கழற்றியவர் மார்செல் என்றே அதில் இன்னும் இருக்கும்.

கழற்றியது நான்.