மயிலம் வழியாகச் செஞ்சிக்கு, கேரியரில் ஒரு ரம் கேக்

பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் பொங்கல் லீவில் செஞ்சிக்கு சைக்கிளில் போகிறார்களாம். இருபத்தொரு கியர் வைத்த மலைச் சைக்கிள். எந்த வழி நன்றாக இருக்கும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். 1978 டிசம்பரில், கியர் என்ற சொல்லே லாரிக்கு மட்டும் உரியதாக இருந்த காலத்தில், நானும் என் கூட்டாளி அந்துவானும் போய் வந்த வழியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுதிப் போட்டால் இன்னும் நாலு பேருக்குப் பயன்படும் என்று இங்கே போடுகிறேன்.

அப்போது நான் பாண்டி முத்தியால்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தேன். அந்துவான் மில்லில் தறி ஓட்டினான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

போனதற்குக் காரணம் கோட்டை இல்லை, அந்துவானின் தங்கை லூர்து. மில்லுக்கு வேலைக்கு வந்த மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன்பே செஞ்சிக்கு அடுத்த சிங்கவரத்துக்குப் போய்விட்டாள். மாதா கோயிலில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சொன்ன சொல்தா, சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் நாற்காலியை எடுத்து மாடியில் போட்டார். அந்துவான் அன்று வாயைத் திறக்கவில்லை. தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் செய்வார்கள். ரவை, வெண்ணெய், முட்டை, திராட்சை எல்லாம் போட்டுக் கலந்து, ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கும் கேக். சுட்டு வந்ததும் அதற்கு ரம் ஊற்றுவது சொல்தாவின் வேலை. கூடமாட இருப்பது லூர்து. இருவரும் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், வேறு யாருக்கும் அனுமதி கிடையாது. அவள் போன பிறகு அவர் அந்த வேலையைத் தொடவில்லை. அம்மாதான் மேலாக ஒரு ஸ்பூன் தெளிப்பார். மூன்று வருஷமாக நானும் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன். காய்ச்சல்காரனுக்குக் கூடக் கொடுக்கலாம், அவ்வளவு சாது.

அந்த வருஷம் அம்மா சின்னதாக இன்னொன்று சுட்டு வாங்கி, பிஸ்கட் டப்பாவில் வைத்து அந்துவானிடம் கொடுத்தார். “லூர்துகிட்ட குடுத்துடு. பப்பாவுக்குத் தெரிய வேணாம்.” அவர்கள் வீட்டில் அப்பாவைப் பப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் போகலாமே என்றேன் நான்.

“பஸ்ல போனா ரெண்டு மூணு மணி நேரத்துல அவ எதிர்ல நிப்பேன். இன்னா பேசறதுன்னு யோசிக்க வேணாமா? சைக்கிள்லயே போலாம்டா” என்றான்.

அவனிடம் சொந்த ராலே சைக்கிள் இருந்தது. நான் வாடகைக்கு ஒரு ஹெர்குலிஸ் எடுத்தேன், நாளுக்கு இரண்டு ரூபாய். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலை அவன் வீட்டுக்குப் போனால், வாசலில் சொல்தா உட்கார்ந்திருக்கிறார். கோட்டை பார்க்கப் போகிறோம் என்றோம். டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார். கேரியரில் கட்டியிருந்த டப்பாவைப் பார்த்தார், என்னவென்று கேட்கவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தப்பித்தோம் என்று மிதித்தோம்.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அங்கிருந்து கிளம்பினால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஐந்து மணிக்குத் தூண்களைத் தொட்டுவிட்டுக் கிளம்பி, ஊசுட்டேரிக் கரைக்கு வந்தபோது வெளுத்திருந்தது. சுமார் பத்து கிலோமீட்டர். ஏரி முழுக்கப் பறவைச் சத்தம், முகத்தில் பனி. சேதராப்பட்டில் ஒரு டீ, இருபது பைசா. இதுவரை மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அதைத் தாண்டினால் மாநில எல்லை. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பாண்டியிலோ தெருவுக்கு ஒரு சாராயக்கடை. அதனால் எல்லைச் சாவடியில் பால்கேனைக்கூட முகர்ந்துதான் விடுவார்கள். அந்துவான் சைக்கிளை ஓர் ஏட்டு நிறுத்தினார்.

“இன்னாப்பா டப்பாவுல?”

“கேக்கு சார்.”

“கேக்குல ஏன்பா கட வாசன வருது?”

திறந்தார். எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. சாராயக்கடைக் கதவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. அந்துவான் முகம் சுண்டிவிட்டது. “எங்கம்மா ஒரு ஸ்பூன்தான் சார் வுடுவாங்க. வழியில கெட்டுடக் கூடாதுன்னு கொஞ்சம் கூட ஊத்திட்டாங்க போல.”

ஏட்டு காகிதத்தை விலக்கிப் பார்த்தார். “மேல பூரா ஓட்டை ஓட்டையா கீது. ஊசி போட்டு ஏத்துனியா?”

“தெரியல சார்.”

“டப்பாவ இங்க வெச்சிட்டுத் திரும்பிப் போங்க. இல்லன்னா கேசு.”

நான் போய்விடலாம் என்று கண்ணைக் காட்டினேன். அந்துவான் நகரவில்லை. “சார், மூணு வருஷமா மூஞ்சில முழிக்காத தங்கச்சியப் பாக்கப் போறேன். இதுவும் இல்லாம போனா அவ கதவத் தொறக்க மாட்டா சார்” என்றான். எனக்கும் அவன் இவ்வளவு பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏட்டு ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். இன்னொரு காவலரைக் கூப்பிட்டு அவருக்கும் கொடுத்தார். இரண்டு பேரும் யோசித்து, விசாரணை இன்னும் முடியவில்லை என்பதுபோல இன்னொரு முறையும் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில், “இது குடிக்கிற சரக்கு இல்லய்யா, திங்கிற சரக்கு. போங்க” என்று மூடிக் கொடுத்தார். கால்வாசி போயிருந்தது. போனால் போகிறது என்று பறந்தோம்.

மயிலம் எட்டேகாலுக்கு. கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். குன்றின் மேல் முருகன் கோயில். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறிப் பார்க்கலாம். நாங்கள் இட்லி சாப்பிட்டோம். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையைத் தாண்டி, ரெட்டணை வழியாகத் தீவனூர் போய், திண்டிவனத்திலிருந்து வரும் செஞ்சிச் சாலையைப் பிடித்தோம். இந்தத் துண்டுதான் மொத்த வழியிலும் அழகு. ஏரி, வேர்க்கடலைக் கொல்லை, பழைய கோயில்கள், நடுநடுவே சாலை ஏறி இறங்கும். தீவனூர் தாண்டியதும் பாறை மலைகள் ஆரம்பிக்கும். யாரோ கூடை கூடையாகக் கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் எழுந்து நின்று மிதித்தோம், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினோம். அந்துவான் ஒரு வார்த்தை பேசவில்லை. யோசிக்கத்தானே சைக்கிளில் வந்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

செஞ்சி பன்னிரண்டு மணிக்கு. கடற்கரையிலிருந்து சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். சிங்கவரத்துக்கு ஒழுங்கான ரோடு இருக்கிறது, நாலு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர், “இப்டிக்கா மலையச் சுத்திப் போனா கிட்டக்கப்பா” என்று கையைக் காட்டினார். ஆட்டுக்குக் கிட்டதான். எங்களுக்கு முள்ளும் உருண்டைக் கல்லுமாக முக்கால் மணி நேரம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் நான் ஒரு புதரில் போய் உட்கார்ந்தேன். அந்துவான் விழவில்லை, ஆனால் அவன் கேரியரில் டப்பா தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

லூர்து வீடு பாறைக்குக் கீழே, ஊர்க் கடைசியில். களத்தில் எதையோ காயவைத்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள். திரும்பி உள்ளே போனாள். அந்துவான் என்னைப் பார்த்தான். அவள் சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். அவன் குடிக்காமல் டப்பாவை நீட்டினான். அறுபத்தைந்து கிலோமீட்டர் யோசித்தவன் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா குடுத்தாங்க.”

திறந்து பார்த்தாள். “இன்னா அண்ணே, உப்புமாவா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான், அவளும் சிரித்தாள். அப்புறம் அந்த நெடி அவளுக்கு எட்டியது. சிரிப்பை நிறுத்திவிட்டு, தூளுக்குள் கையை விட்டு, அடியில் உடையாமல் கிடந்த ஒரே துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய துளைகள்.

“இது அம்மா இல்லண்ணே. பப்பா.”

“அவருக்குத் தெரியவே தெரியாது லூர்து.”

“சைக்கிள் சக்கரத்து போக்ஸ் கம்பிய நெருப்புல காட்டித் தொடைச்சிட்டு, அதாலதான் குத்துவாரு. குத்துன எடத்துலலாம் ரம்ம வுடுவாரு. நான் பக்கத்துல நின்னு பத்தல பப்பா, பத்தல பப்பான்னு சொல்லிக்கினே இருப்பேன். அம்மாவுக்கு இந்தக் கம்பி விஷயமே தெரியாது.”

சொல்லிவிட்டு அங்கேயே களத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்துவானும் உட்கார்ந்துவிட்டான். சாவடியில் திறந்தபோது வந்த நெடி எப்படி வந்தது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முந்தின ராத்திரி மனிதர் தானாக எழுந்து போய் ஊற்றியிருக்கிறார். காலையில் கயிற்றை இறுக்கிக் கட்டியதும் ஞாபகம் வந்தது. நான் கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மாணிக்கம் வந்தான். அந்துவான் எழுந்து போய் “வா மாப்ள” என்று கையைப் பிடித்துக்கொண்டான். அந்தத் தூளை நாலு பேரும் கரண்டியால் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை மாணிக்கத்தோடு ராஜகிரிக் கோட்டை ஏறினோம். ஏறி இறங்க இரண்டரை மணி நேரம். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், தின்பண்டத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த பெருமாள் கோயிலையும் விடாதீர்கள். மார்கழியில் காற்று கடல் பக்கமிருந்து வீசும். போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் குத்தும். ஆகவே திரும்ப ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர் சொல்லும் குறுக்கு வழி ஆட்டுக்கு. உங்கள் கியர் சைக்கிளுக்குச் சரிப்படலாம். உடையக்கூடியதை மட்டும் கேரியரில் கட்டாதீர்கள்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். வாசலில் லூர்து அண்ணனிடம், “பப்பாகிட்ட ரம் பத்தலன்னு சொல்லு” என்றாள்.

இருட்டும் நேரத்தில் முத்தியால்பேட்டை வந்தோம். சொல்தா அதே வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்துவான் காலி டப்பாவை அவிழ்த்து அவர் பக்கத்தில் வைத்தான். உள்ளிருந்து அம்மா எட்டிப் பார்த்து, ஜாடையில் வேண்டாம் என்றார். அவன் கேட்கவில்லை.

“லூர்து உங்களாண்ட சொல்லச் சொன்னா பப்பா. ரம் பத்தலயாம்.”

அவர் குனிந்து சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, “பத்தலன்னா அவளே வந்து ஊத்திக்கட்டும்” என்றார்.

எழுந்து உள்ளே போய், மாடிப்படி ஏறினார். மேலே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தபோது, தூசியோடு, அவர் கையில் நாற்காலி இருந்தது.